நீக்கப்பட்ட பயனர்

நாங்கள் வேலை செய்வது பல் செட் செய்யும் லேபில். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். நான் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் மெழுகு கட்டிக் கொடுப்பேன். அந்த மெழுகில் ஒவ்வொரு பல்லாக அடுக்குவது பக்கத்து மேசை அக்கா. முப்பது வருஷமாக அதே ஸ்டூல், அதே ஜன்னல். எல்லாப் பல்லையும் நேராக அடுக்கிவிட்டு, கடைசியில் ஒன்றை மட்டும் மயிரிழை அளவுக்குத் திருப்பி வைப்பாள். "ரொம்ப ஒழுங்கா இருந்தா பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சிடும்டி" என்பாள்.

அக்காவுக்கு ஒரே மகள், இருபத்து நாலு வயது. கல்யாணமாகி நாலு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கிறாள். அக்காவின் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அதனால் தாய்க்கும் மகளுக்கும் நடுவே ஒளிவுமறைவு கிடையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மகள் அப்போது நாலு மாதம் முழுகாமல் இருந்தாள். ஒருநாள் மதியம் போன் செய்தாள். அக்காவின் கையெல்லாம் மெழுகாக இருந்ததால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, தாய்மாருக்குன்னே நெட்டுல ஒரு பழைய தமிழ் ஃபோரம் இருக்கு, அதுல சேர்ந்துட்டேன். இருபது வருஷத்துப் பழைய பதிவெல்லாம் அப்படியே கிடக்கு. அந்தக் காலத்துப் பொம்பளைங்க என்னென்ன எழுதியிருக்காங்க தெரியுமா! உக்காந்தா எழுந்திரிக்க மனசே வரமாட்டேங்குது."

அக்கா "ம்" என்றாள். போனை வைத்த பிறகும் பல் அடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா?"

"அந்த ஃபோரத்துல நானும் எழுதியிருக்கேன்டி."

அன்றுதான் சொன்னாள். மகள் பிறந்து நாற்பதாம் நாளே வேலைக்குத் திரும்பியிருந்தாள். லேபில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், 'தூங்காதவள்' என்ற பெயரில் இப்படி எழுதினாளாம்: இடது காது மடங்கிப் பிறந்த குழந்தை. பார்க்கப் பார்க்க யார் வீட்டுக் குழந்தையோ என்று இருக்கிறது. நேற்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மடியில் வைத்துவிட்டு இறங்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம் இல்லை, மூன்று ஸ்டாப் முழுக்க நினைத்தேன். லேபில் பல் அடுக்கும் நேரம்தான் எனக்கு நிம்மதி.

"யார்கிட்டயும் சொல்ல முடியலடி. வீட்டுல சொன்னா பேய் பிடிச்சிருக்குன்னு சொல்லியிருப்பாங்க. முகம் தெரியாதவங்கதானேன்னு அங்க கொட்டினேன்."

நான் விஷயம் தெரிந்தவள் மாதிரி பேசினேன். "கவலைப்படாதீங்கக்கா. இப்பல்லாம் சட்டமே இருக்கு. நம்ம எழுதினதை அழிக்கச் சொன்னா அவங்க அழிச்சே ஆகணும். அது நம்ம உரிமை."

மறுநாள் மதியம் என் போனிலேயே அந்தத் தளத்தைத் திறந்தோம். பாஸ்வேர்டு மகளின் செல்லப்பெயர். இத்தனை வருஷத்துக்கும் அக்கா அதை மறக்கவில்லை. உள்ளே நூற்று நாற்பத்து மூன்று பதிவுகள் இருப்பதாகக் காட்டியது. படிக்கலாமா என்று கேட்டேன். "திறக்காதடி, தாங்கமாட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தரவு நீக்கக் கோரிக்கைக்கு ஒரு படிவம் இருந்தது. கணக்கோடு எல்லாப் பதிவுகளையும் நீக்கவா? ஆம். நீக்கும் முன் ஒரு நகல் அனுப்பவா?

"நகல் வேணுமாக்கா?"

"அந்தக் கருமத்தை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்ண?"

'வேண்டாம்' என்ற கட்டத்தைத் தொட்டது என் விரல்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. உங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது. அன்று லேபில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள் அக்கா. முதலாளி, "என்ன விசேஷம்?" என்று கேட்டார். "பழைய சனியன் ஒண்ணு ஒழிஞ்சது" என்று சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

ஏழாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டனுப்பினாள். போனவளை உட்காரக்கூடச் சொல்லாமல் கையில் போனைக் கொடுத்தாளாம். 'மூன்று பிள்ளைக்காரி' என்ற ஒருத்தி அந்தக் காலத்தில் அக்காவுக்கு எழுதிய பதில் அது. அதன் தலையில், சாம்பல் நிற மேற்கோள் கட்டத்துக்குள், 'நீக்கப்பட்ட பயனர் எழுதியது' என்று அக்காவின் வார்த்தைகள் ஓர் எழுத்து குறையாமல் அப்படியே நின்றன. மடங்கிய காது, மூன்று ஸ்டாப், லேப் எல்லாம் இருந்தது. கீழே அந்தப் புண்ணியவதியின் பதில்: உன்னைப் போன்றவர்கள் எல்லாம் ஏன் பிள்ளை பெற்றுக்கொள்கிறீர்கள்?

"இந்தக் காது யாரோடதும்மா?" என்று கேட்டிருக்கிறாள் மகள், தலைமுடியை ஒதுக்கிக் காட்டி.

அக்கா பொய் சொல்லவில்லை. "நான் எழுதினதுதான்மா. ஆனா அப்புறம் இன்னொண்ணும் எழுதினேன். உனக்கு ஒண்ணேகால் வயசு இருக்கும்போது. எனக்குக் காய்ச்சல், நீ தத்தித்தத்தி வந்து உன் பால் பாட்டிலை என் வாயில வச்ச. அன்னைக்கு எனக்கு வந்த அழுகை... அதையெல்லாம் பக்கம் பக்கமா எழுதினேன்மா. எத்தனை பேர் படிச்சுட்டு அழுதோம்னு சொன்னாங்க தெரியுமா."

"காட்டு."

"அழிச்சுட்டேன்."

"இதை விட்டுட்டு அதை மட்டும் அழிச்சியா?"

மகள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இப்ப நீ என்ன வேணாலும் சொல்லலாம்மா" என்றாளாம், குரலை உயர்த்தாமலே.

திங்கட்கிழமை முழுக்க நான் அந்தத் தளத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். பதில்கள் மரியாதையாகவே வந்தன. நீக்கியதை மீட்க முடியாது. இன்னொருவர் பதிவில் மேற்கோளாக இருப்பது அந்த இன்னொருவரின் பதிவு. அதை நீக்க வேண்டுமானால், மேற்கோளை எழுதியவர் நீங்கள்தான் என்று பழைய கணக்கிலிருந்து உறுதிப்படுத்துங்கள். அந்தக் கணக்கைத்தான் ஏற்கனவே அழித்துவிட்டோமே. மூன்று பிள்ளைக்காரிக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தேன். அவள் கடைசியாக உள்ளே வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அவள் இருக்கிறாளோ இல்லையோ, அவள் வார்த்தை இருக்கிறது.

"என் மேலதான் தப்பு, நகலாவது வாங்கியிருக்கலாம்" என்றேன்.

"விடுடி" என்றாள் அக்கா. ஆனால் அடுத்த சில நாட்கள் மதியம் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த இரண்டாவது பதிவைக் காகிதத்தில் மறுபடி எழுதிப் பார்த்தாள். நாலு வரிக்குமேல் வரவில்லை. "எல்லாம் இப்ப ஜோடிச்ச மாதிரியே இருக்குடி" என்று கிழித்துப் போட்டாள்.

மகளின் பிரசவம் அவள் மாமியார் பொறுப்பில் நடந்தது. பெண் குழந்தை. இருபதாம் நாள் போய்ப் பார்க்க அழைப்பு வந்தது. என்னையும் துணைக்கு வரச் சொன்னாள் அக்கா. மாமியார் ஊருக்குத் திரும்பியிருந்தார். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். குழந்தையை அக்கா கையில் கொடுத்தாள் மகள். ஆனால் குளிக்கப் போகும்போது வாங்கி, தூங்கவைக்கும் கூடையோடு குளியலறை வாசலுக்கே எடுத்துக்கொண்டு போனாள். அக்காவின் கைகள் ஏந்தியபடியே கொஞ்ச நேரம் இருந்தன.

மகள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். குழந்தை சிணுங்கியது, அழுதது, வீறிட்டது. அவள் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரோ சொல்லி எடுப்பது போல எடுத்தாள்.

படியிறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்தாள். "அவ பார்வையைக் கவனிச்சியா? அது எனக்குத் தெரியும்டி. அச்சு அசல் அதேதான்."

"அப்போ சொல்லுங்கக்கா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம்."

இரண்டு மாடி மறுபடி ஏறினோம். மகள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"கண்ணு, உனக்கு மனசு ஏதாவது..."

"எனக்கு ஒண்ணும் இல்ல." அக்கா முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள். "தூக்கம் இல்ல, அவ்வளவுதான். எல்லாரும் உன்ன மாதிரியா?"

கதவு சாத்திக்கொண்டது. அங்கேயே நின்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள் அக்கா. "தூக்கம் கெட்டா யாருக்கும் அப்படித்தான் அத்தை. நீங்க ஏதாவது சொல்லி அவளைக் குழப்பாதீங்க" என்றார் அவர். அவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

உள்ளே குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது. அக்கா மணியை அழுத்தக் கையைக் கொண்டுபோனாள், அழுத்தவில்லை. வெகுநேரம் அழுதது. பிறகு நின்றது. மகள் எடுத்ததால் நின்றதா, அழுது அழுது ஓய்ந்ததா, வெளியே நின்ற எங்களுக்குத் தெரியவில்லை.