குழாயடியில் நின்ற கேமரா

தாராவியில் எங்கள் சந்துக்கு வெள்ளைக்காரர்களை முதலில் கூட்டி வந்தவர் ஒரு மாட்டுங்காத் தமிழர், டூரிஸ்ட் கைடு. மில் வேலைநிறுத்தத்தில் வேலை போன அண்ணன், ஊருக்கே திரும்புவதென்று முடிவுசெய்து, அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்திருந்த சமயம் அது. பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்குமே என்று மதினி அழுதுகொண்டே இருந்தாள்.

வந்த ஆறு பேரும் குழாயடியில் குடத்தோடு நின்ற எங்களைப் படம் பிடித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் சார், உங்க வீட்டுப் பொம்பளைங்க தண்ணி பிடிக்கத போட்டோ எடுத்தா சும்மா இருப்பியளா?"

"கோச்சுக்காதேம்மா. அவா ஊரைப் பார்க்க வந்திருக்கா."

"ஊரைப் பாக்க வந்தவுக குடத்தையும் சாக்கடையையும் பாத்துட்டா போவாக?"

சத்தம் கேட்டு மதினி வெளியே வந்தாள். வாசலுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புவது அவளுக்கு ஆகாது, நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஆளானாலும் சரி. "வெயில்ல நிக்காக பாவம்" என்று எல்லோரையும் உள்ளே உட்காரவைத்து, எங்கள் மத்தியானச் சோற்றையும் மீன் குழம்பையும் பரிமாறிவிட்டாள். நாங்கள் டீயும் பாவு ரொட்டியும் தின்றோம். "உனக்குக் கிறுக்கா மதினி?" என்று அன்று முழுக்கத் திட்டினேன்.

மறுவாரம் கைடு தனியாக வந்தார். "அன்னிக்கு வந்தவாளுக்கு உங்காத்துச் சாப்பாட்டைத் தவிர வேற பேச்சே இல்லை. காசு குடுத்துடறோம், இன்னும் சில பேரைக் கூட்டிண்டு வரலாமா?"

மதினி வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். கேட்காமல் கேமரா பையைவிட்டு வெளியே வரக்கூடாது. சந்துக்குள் சுற்றிக் காட்டுவது நாங்கள்தான். ஒரு வாரம் எங்கள் வீட்டில் சாப்பாடு, மறுவாரம் அடுத்த வீட்டுப் பாயம்மா கையால் பிரியாணி. கைடு தலையைச் சொறிந்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

வாரம் தவறாமல் வந்தார்கள். கேட்டுக்கொண்டு படமெடுத்தால் நாங்களே தலை சீவிக்கொண்டு நின்றோம். மீன்காரியிடம் பேரம் பேசும்போது மதினியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. பாயம்மா வீட்டில் புது ஸ்டவ் வந்தது.

ஊருக்குக் கிளம்ப வேண்டிய வாரம் கைடு வந்து கேட்டார்: "இந்தச் சனிக்கிழமை பன்னெண்டு பேர். முடியுமோ?"

டிக்கெட் எடுத்திருந்த அதே சனிக்கிழமை. மதினி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, டிக்கெட்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ரத்து செய்ய வி.டி. ஸ்டேஷனுக்குக் கிளம்பினான். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

மதினி வாசலுக்கு ஓடினாள்.

"ஏங்க, வரும்போது கிராஃபோர்டு மார்க்கெட்ல ஆறு தட்டு வாங்கிட்டு வாங்க! நம்மகிட்ட ஆறுதான் கெடக்கு!"