ஷட் டவுன் நாளில் ஒரு விடியல்

1. ஒன்பது மணி

காலை ஒன்பது மணிக்கு அரங்கத்தில் கரண்ட் போனது. பத்து மணிக்கு நாடகம். சென்னையிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முன்வரிசையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். மதியம் அவருக்குத் திரும்ப ரயில். நான் விளக்குகளுக்குக் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ரேக்கின் முன்னால் நின்று, அதன் சின்னப் பச்சைப் புள்ளிகள் எல்லாம் அணைந்துபோனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரி ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் அது ஆபீசுக்கும் கம்ப்யூட்டர் லேபுக்கும் மட்டும்தான். எங்கள் விளக்குகளை அதில் கொடுத்தால் மூச்சுத் திணறி நின்றுவிடும் என்று எலக்ட்ரீஷியன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

இப்போது நான் ஸ்டேஜ் மேனேஜராக இருக்கிறேன். மேடைக்குப் பின்னால் வேலை பழக வருகிறவர்கள், ஆசைப்பட்டுத்தான் இதற்கு வந்தீர்களா என்று கேட்பார்கள். இல்லை. நான் ஆசைப்பட்டது வெளிச்சத்துக்கு. திருச்சியில் ஒரு கலைக் கல்லூரியில் மேடை வடிவமைப்பும் பின்னரங்க வேலையும் படித்தேன். மூன்றாம் வருடத்தில் ஆளுக்கு ஒரு பிரிவு எடுக்க வேண்டும். செட், காஸ்ட்யூம், லைட், ஸ்டேஜ் மேனேஜ்மென்ட். எங்களிடம் இருந்தது விளக்குகளை இயக்கும் ஒரே ஒரு லைட் போர்டு. அதனால் லைட் பிரிவில் ஒரே ஒரு இடம். அதற்கு இரண்டு பேர் நின்றோம், நானும் நசீரும். ஆளுக்கு ஒரு நாடகத்துக்கு லைட் டிசைன் செய்து காட்ட வேண்டும். எக்ஸாமினர் போடும் மார்க்கில் யார் முந்துகிறாரோ அவருக்கு அந்த இடம்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. போட்டிக்கு நிற்பவரே அடுத்தவரின் டிசைனை போர்டில் உட்கார்ந்து ஆபரேட் செய்ய வேண்டும். துறைத் தலைவி ஸ்டெல்லா மேடம் வைத்த விதி அது. முந்தின நாள் நசீரின் நாடகத்துக்கு நான் ஆபரேட்டர். ஒரு கியூ, அதாவது வெளிச்சம் மாற வேண்டிய ஒரு இடம்கூடத் தவறாமல் ஓட்டிக் கொடுத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான். கரண்ட் போன அன்று என் முறை, போர்டில் நசீர்.

2. பாலத்தில் நின்ற காலைகள்

எனக்குச் சொந்த ஊர் துறையூர். தங்கியிருந்தது ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் ஒரு மாமி வீட்டு மாடி அறையில். என் நாடகத்தின் கதை சின்னது. காவிரியில் வெள்ளம். பரிசல்காரன் யாரையோ அக்கரையில் விடப் போகிறான், திரும்பவில்லை. அவன் மனைவி ஆற்றுத் துறையில் விளக்கோடு இரவு முழுக்கக் காத்திருக்கிறாள். கடைசியில் விடிகிறது. பரிசல் வந்ததா இல்லையா என்று யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. அவள் முகத்தில் விழும் வெளிச்சம்தான் சொல்ல வேண்டும். அந்த வெளிச்சம் என் பொறுப்பு.

அதற்காக அந்தப் பருவம் முழுக்க நான் விடியற்காலையில் காவிரிப் பாலத்துக்குப் போய் நின்றேன். முதலில் தண்ணீருக்கும் வானத்துக்கும் வித்தியாசம் இருக்காது. பாலம் மட்டும் எதன் மேலோ மிதக்கிற மாதிரி இருக்கும். பிறகு மணல் திட்டுகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். அம்மா மண்டபத்துப் பக்கம் குளிக்கிறவர்களின் தலைகள் தெரியும். ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் மலைக்கோட்டை, இரண்டும் இன்னும் தூக்கத்திலேயே இருக்கும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று உற்றுப் பார்த்தால் தெரியாது. சற்று அசந்து திரும்பினால் வந்திருக்கும். பால்காரர்கள் வண்டியை மெதுவாக்கி, குதித்துவிடப் போகிறேனோ என்று என்னைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் கையில் ஜெல் துண்டுகளை வைத்துக்கொண்டு, விளக்குக்கு முன்னால் மாட்டுகிற அந்த வண்ணத் தாள்களை ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே பிடித்து, கிழக்கோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் காலைகளில் எனக்கு இருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எந்த வேலையிலும் வந்ததில்லை.

ஆனாலும் ஒரு நிறம் மட்டும் கிடைக்கவே இல்லை. சூரியன் வருவதற்குச் சற்று முன்னால் ஆற்றின் மேல் ஒரு மங்கல் மஞ்சள் படியும். பழுப்பு என்றும் சொல்ல முடியாது. எந்த ஜெல்லை எதோடு சேர்த்தாலும் அது கல்யாண மண்டப மஞ்சளாகத்தான் வந்தது. இதற்கு மேல் முடியாது என்று விட்டுவிட்டேன். மற்றதையெல்லாம் போர்டில் ஏற்றி, ஒரு பட்டனைத் தட்டினால் விடியல் தானாக ஓடி முடிகிற மாதிரி செய்து வைத்தேன்.

3. கருப்பு

பின்னரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் கருப்புதான் உடுத்த வேண்டும், பார்வையாளர் கண்ணில் படக் கூடாது என்பதற்காக. அதைப் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கத்து வீதியில் நடந்தால் ஊர்க் கண்ணெல்லாம் என் மேல்தான் படும். டீக்கடையில் எந்தக் கட்சி என்று கேட்டார்கள். ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேனா என்று கேட்டுவிட்டு, பிறகு என் தாவணி வயசைப் பார்த்துக் குழம்பிப் போனார்.

மாமிக்குத்தான் பொறுக்கவில்லை. பரீட்சை நாளன்றாவது வேறு நிறம் உடுத்தக் கூடாதா என்று வாசலில் மறித்தார். பெருமாளே கருப்புதானே மாமி என்றேன்.

"அவர் திரை போட்டுண்டா ஊரே நின்னு காத்துண்டிருக்குடி. நீ திரைக்குப் பின்னாடி போனா யாரு காத்துண்டிருக்கா?" என்று சிரித்தார்.

கோயிலில் பெருமாளுக்குத் தளிகை படைக்கிற நேரத்தில் திரை போடுவார்கள். நானும் நின்றிருக்கிறேன். அந்தத் திரைக்கு முன்னால் கூட்டம் மூச்சடக்கி நிற்பது எந்த அரங்கத்திலும் கிடைக்காத ஒன்று. அன்று அதே கருப்போடு பஸ் ஏறினேன்.

4. மேலே போன நசீர்

எங்கள் அரங்கம் பழைய தேர்வுக் கூடம். கிழக்குச் சுவரின் உச்சியில் வரிசையாக வென்டிலேட்டர்கள். அவற்றை ஒட்டி ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு மரப் பால்கனி. பகலில் நாடகம் போடுவதால் வென்டிலேட்டர்களுக்குக் கருப்புத் துணி கட்டியிருந்தோம். நசீரின் நாடகம் மத்தியான வெயிலில் நடக்கிற கதை, அவனுக்கு அது போதும். எனக்கு இருட்டு வேண்டும். முந்தின நாள் அவன் நாடகம் முடிந்ததும், துணிக்குப் பின்னால் கண்ணாடியில் மைதா பசை தடவி நியூஸ் பேப்பர் ஒட்டச் சொன்னேன். ஒன்றின் மேல் ஒன்றாக, மூன்று நான்கு தாள். அரங்கம் கிணற்றின் அடி மாதிரி இருண்டது. எனக்குப் பரம திருப்தி.

கரண்ட் போனதும் நான் முதலில் கத்தினேன். பிறகு தள்ளி வைக்கச் சொல்லி ஸ்டெல்லா மேடத்திடம் போனேன். எக்ஸாமினருக்கு வேறு நாள் இல்லை என்றார். விடியல் இல்லாமல் இந்த நாடகத்தைப் போடுவதில் அர்த்தமே இல்லை என்றேன்.

"செல்வி, இந்த நாடகத்தை உன் விடியலுக்காகவா எழுதினாங்க? உள்ள மலர் மேக்கப் போட்டு உட்கார்ந்திருக்கா. பத்து மணிக்கு ஷோ. எப்படின்னு நீ யோசி."

மலர்விழிதான் பரிசல்காரன் மனைவியாக நடிப்பவள். நான் அவளை மறந்தே போயிருந்தேன்.

டார்ச் தேடக் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும் என்று நசீர் பால்கனியில் ஏறி ஒரு துணியைத் தூக்கினான். வெயில், கண்ணாடியில் ஒட்டிய பேப்பர் வழியே உள்ளே வந்தது. மேலிருந்து அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. பேப்பரில் வெளிச்சம் பட்டதும் எழுத்தெல்லாம் தெரிகிறதாம். அதில், பராமரிப்புப் பணிக்காக நாளை மின்சாரம் இருக்காது என்ற அறிவிப்பில் எங்கள் பகுதியின் பெயர் இருக்கிறதாம். நேற்றைய பேப்பர். எங்கள் பகுதி முழுக்க அதைப் படித்துவிட்டு மோட்டார் போட்டுத் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறது. நாங்கள் அதற்குப் பசை தடவியிருக்கிறோம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தூக்கிய துணியின் கீழே, மேடைப் பலகையின் மேல், அந்த மங்கல் மஞ்சள் கிடந்தது. ஜெல்லில் கிடைக்காத நிறம்.

துணியை விடாதே என்று கத்திக்கொண்டே மேலே ஓடினேன்.

5. நனைத்தால் சத்தம் வராது

இருந்த நேரத்தில் செய்ததைச் சொல்கிறேன். பேப்பரைக் கிழித்தால் சத்தம் வரும். ஈரத் துணியால் ஒற்றி ஊறவிட்டால் சத்தமில்லாமல் உரிந்து வரும். நனையும்போதே அதன் வழியே வெளிச்சம் கூடுகிறது என்பதையும் ஒரு ஓரத்தில் சோதித்துப் பார்த்தோம். ஆக எனக்கு நாலு கியூ கிடைத்தன. துணியைத் தூக்குவது, நனைப்பது, மேல் தாளை உரிப்பது, எல்லாவற்றையும் உரிப்பது. வகுப்பில் சும்மா நின்ற எல்லோரையும் ஆளுக்கொரு வாளியோடு பால்கனியில் குப்புறப் படுக்க வைத்தான் நசீர். இன்டர்காமும் செத்துப்போயிருந்தது. அதனால் இருட்டில் கை தெரிய மணிக்கட்டில் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருந்த மாடிப்படியில் நான் நின்றுகொண்டேன். அங்கிருந்து அவர்களுக்கு என்னைத் தெரியும், எனக்கு மேடை தெரியும். கை உயர்ந்தால் தயார். கை இறங்கினால் செய்ய வேண்டும்.

நாடகம் தொடங்கியது. எல்லாத் துணியும் மூடியிருந்தது. மேடையில் மலர் கையில் ஒரு அரிக்கேன் விளக்கு மட்டும். வெள்ளத்தின் ஒலி ஸ்பீக்கரில் வர வேண்டும், அதுவும் இல்லை. அவள் மூச்சுவிடுவது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ரிகர்சலில் நான் அவளைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அவள் முகத்தில் விழுந்த நிறத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

விடியல் வர வேண்டிய இடம் வந்தது. கையை உயர்த்தினேன். அரிக்கேன் மங்கலில் எதிரே கருப்பு உருவங்கள் அசைந்து தயாராயின. போர்டாக இருந்தால் இந்த இடத்தில் பட்டன் தட்டி முடிந்திருக்கும். ஆனால் மலர் தலையைக் கவிழ்த்தபடி அசையாமல் இருந்தாள். வசனம் மறந்துவிட்டதோ என்று எனக்குப் பயம். கை வலித்தது. நசீர் எதிரிலிருந்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். நான் இறக்கவில்லை. அவள் இன்னும் இரவிலேதான் இருக்கிறாள், அவளை விட்டுவிட்டுச் சூரியன் எப்படி வரும் என்று தோன்றிவிட்டது.

அவள் மெல்ல நிமிர்ந்து ஆற்றுப் பக்கம் திரும்பினாள். கையை இறக்கினேன்.

துணிகள் தூங்குகிறவர்கள் மேலிருந்து விலகுகிற மாதிரி மேலே போயின. மஞ்சளின் ஒரு சாயல் வந்தது. அவள் கண்ணைச் சுருக்கி எதையோ பார்த்தாள். அடுத்த கை. ஈரம் ஏற ஏற, பாலத்தில் நான் பார்த்த அதே மங்கல் மஞ்சள் அரங்கம் முழுக்கப் பரவியது. அவள் எழுந்து நின்றாள். அடுத்த கை. அவள் விளக்கை ஊதி அணைத்தாள். நான் மறுபடி காத்திருந்தேன். நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோனது. என் கைக்கும் அவள் மூச்சுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தது போல் இருந்தது. அவள் முதல் அடி எடுத்து வைத்ததும் கடைசியாகக் கையை இறக்கினேன். மிச்சத் தாளெல்லாம் உரிந்து விழ, நிஜ வெயில் மேலிருந்து சரிந்து அவள் முகத்தில் விழுந்தது. பார்வையாளர்களில் யாரோ ஒரு அம்மா, காலையில் சூரியனைக் கும்பிடுகிற மாதிரி கைகூப்பினார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

6. மார்க்

எக்ஸாமினர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. இடம் எனக்குத்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. ஆனா லைட் டிசைன்னு இதுக்கு நான் எப்படி மார்க் போட? நீங்க பிளான்ல காட்டின எதுவும் எரியலை. பேப்பரும் வெயிலும் தானா அமைஞ்சது."

நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்று சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, ஒவ்வொரு தடவையும் எப்போது என்று முடிவு செய்தது யார் என்று கேட்டார்.

"நான்தாங்க."

"முன்னாடியே பேசி வெச்சதா?"

"இல்லைங்க. அவங்களைப் பார்த்துப் பார்த்துதான்."

அவர் ஸ்டெல்லா மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். மேடம் தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

லைட் இடம் நசீருக்குப் போனது. எனக்கு ஸ்டேஜ் மேனேஜ்மென்ட். அதில் நான் கேட்காத அளவுக்கு மார்க். நோட்டீஸ் போர்டில் பார்த்துவிட்டு நசீர் என் பக்கமே வரவில்லை. சந்தோஷப்படவும் முடியாமல், மறைக்கவும் முடியாமல் கேன்டீன் பக்கம் போய்விட்டான். எனக்கு அவன் மேல் கோபம், வெயில் மேல் கோபம், மின்வாரியத்தின் மேலும் கோபம். அந்த வாரம் முழுக்க மாமி வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது.

இன்று எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், கொஞ்சம் இருக்கிறது. நல்ல லைட் பிளான் ஒன்றைப் பார்த்தால் இப்போதும் வயிறு எரியும். ஆனால் மூன்றாம் வருடம் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்து, எப்போது மாற்றுவது என்று ஆபரேட்டருக்குக் கியூ கூப்பிட்டபோது ஒன்று புரிந்தது. பாலத்தில் நின்ற நாளெல்லாம் நான் வெளிச்சத்தின் நிறத்தைப் படித்ததாக நினைத்தேன். அது வருவதற்குக் காத்திருக்கத்தான் படித்திருக்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கியூ ஷீட்டைப் பாருங்கள், ஆனால் நடிக்கிறவரின் மூச்சைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

நசீர் இப்போது பெயர் பெற்ற லைட் டிசைனர். அவன் நாடகங்களுக்குப் பெரும்பாலும் நான்தான் கியூ கூப்பிடுகிறேன். போன மாதம் ஒரு காட்சி முடிந்ததும் கோபமாக வந்தான். அவன் எழுதி வைத்த இடத்தைத் தாண்டி ரொம்ப நேரம் கழித்து ஒரு கியூவைக் கூப்பிட்டேனாம்.

"அந்தப் பொண்ணு இன்னும் நிமிரலை நசீர்."

அவன் பேனாவை எடுத்தான். பிறகு தன் ஷீட்டில் அந்தக் கியூவுக்கு எதிரே இருந்த நேரத்தை அடித்துவிட்டு, செல்வி சொல்லும்போது என்று எழுதினான். விடியலைச் செய்கிறவன் அவன்தான். என்னைக் கேட்காமல் அது விடியாது.