பாவாடை நாடாவுக்கு விதி இல்லை

ஓய்வு பெற்றவர்களுக்கான எங்கள் மருத்துவ விதிகளில் ஒன்று உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளி ஏதேனும் சாதனத்தை உடம்பில் அணிந்து வாழ நேர்ந்தால், அந்தச் சாதனத்தையும் அதைப் பயன்படுத்தும் முறை பற்றிய விளக்கத்தையும் மருத்துவமனையே தர வேண்டும். விளக்கம் நோயாளிக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். ராயபுரம் பக்கத்து அலுவலகம் ஒன்றில் மருத்துவச் செலவுக் கோப்புகளைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். இந்த விதியைக் காட்டிச் சில மனுக்களை ஏற்றிருக்கிறேன். பல மனுக்களைத் திருப்பியிருக்கிறேன்.

என் மனைவிக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது நான் ஓய்வு பெற்ற மறு வருடம். இந்த நூற்றாண்டு பிறந்து இரண்டொரு வருடம் ஆகியிருந்தது. கட்டியை எடுத்துவிட்டு, குடலின் முனையை வயிற்றின் இடது பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். இனி மலம் அந்த வழியாகத்தான், கடைசிவரை. சாதனம் கிடைத்துவிட்டது. விளக்கம், டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் ஒரே வரியாக இருந்தது: பையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும். அதுவும் ஆங்கிலத்தில்.

பை மாற்ற டிரெஸ்ஸிங் அறை சிஸ்டர் ஒருமுறை செய்து காட்டினார். மீதியை என் மனைவி திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தாள்.

“இன்னாயா, கவருக்கு ஸ்டாம்ப் ஒட்ற மாரி ஒட்டுற? தோலுயா அது.”

கல்மண்டபத்தில் பிறந்தவள். காலடிப்பேட்டையில் எனக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருடமாகியும் அந்தப் பேச்சை அவள் விடவில்லை. என் பேச்சும் அவளிடம் ஒட்டவில்லை.

அவளுக்கு இருந்த கேள்வி ஒன்றுதான். புடவை எப்படிக் கட்டுவது?

துளை இருந்த இடம், பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுகிற இடம். இறுக்கினால் பை நசுங்கி ஒட்டு விட்டுப்போகும். தளர்த்தினால் புடவை நிற்காது. ஆகவே வீட்டில் நைட்டி. ஆஸ்பத்திரிக்கும் நைட்டிதான், தோளில் ஒரு துண்டு, ஆட்டோவில். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ சிக்கி நிற்கும்போது பை நிறைந்துவிடும். வாடை போக டிரைவர் பக்கத்துத் திரையைச் சுருட்டிவிடுவார். அவள் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். எங்கள் தெருவில் நைட்டியோடு கடைக்குப் போகிற பெண்கள் உண்டு. அவர்களை ஊரறியக் கேலி செய்தவள் இவள் என்பதால் அந்த வழியும் அடைபட்டிருந்தது. கோவிலுக்குப் போவதை நிறுத்தினாள். தங்கை வீட்டு விசேஷத்துக்கு என்னை மட்டும் அனுப்பினாள். பிறகு வாசலுக்கு வருவதையும் விட்டாள். உடம்பு தேறி வந்தது, ஆள் குறைந்துகொண்டே போனாள்.

அறுவை செய்த டாக்டரிடம் கேட்டேன். “சுடிதார் போடச் சொல்லுங்க சார்” என்றார். சுடிதாருக்கும் நாடா உண்டு என்பது அவருக்குத் தெரியாது, கல்யாணம் ஆகாதவர்.

பெங்களூரில் இருந்த மகன் பிரௌசிங் சென்டரில் அச்செடுத்து ஒரு கட்டு காகிதம் அனுப்பினான். வெளிநாட்டு நோயாளிகளுக்காக எழுதியவை. நல்ல மனதோடு, தெளிவாகவே எழுதியிருந்தார்கள். எந்த ரொட்டி ஒத்துக்கொள்ளும், கால்சட்டையின் இடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம். அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தவன் நீச்சல் உடை என்ற இடத்தில் நின்றேன்.

“நீச்சல் டிரெஸ்ஸா? போட்டுகினு காசிமேட்டுல குதிக்கணுமா?”

இருவரும் சிரித்தோம். அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

“இதெல்லாம் வாணாம்யா. என்ன மாரியே பை வெச்சிகினு கீற ஒரு பொம்பள வோணும். ஒரே ஒருத்தி. அவளாண்ட நான் கேட்டுக்கறேன்.”

சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். “இருக்காங்க சார். பேரு, அட்ரஸ் மட்டும் குடுக்கக் கூடாது” என்றார். சரியான பதில். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் கடுமையாக.

ஆகவே ஆஸ்பத்திரிக்கு மனு எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு, ஓய்வூதிய எண் எல்லாவற்றோடும். விருப்பமுள்ள பெண் நோயாளி எவரேனும் இருந்தால் எங்கள் விலாசத்துக்கு எழுதும்படி அவரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன் என்று. குறை காண முடியாத மனு. அதுதான் கெடுத்தது. ஓய்வூதிய எண் போட்ட எந்தக் காகிதமும் கணக்குப் பிரிவுக்குப் போகும். கணக்குப் பிரிவு அதைச் செலவுக் கோரிக்கை என்று கொண்டு, ஓய்வூதியரின் பழைய அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கே என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், அசல் ரசீதுகள் இணைக்கப்படாததால் திருப்பப்படுகிறது என்று எழுதி எனக்கே அனுப்பிவைத்தார். அந்த வாசகத்தை நான் அறிவேன். அதை எங்கள் பிரிவுக்கு வரைந்து கொடுத்தவன் நான்தான்.

அவளிடம் படித்துக் காட்டினேன்.

“நீ கேட்டதுக்கு நீயே இல்லன்னு பதில் போட்டுகினியா?”

“கிட்டத்தட்ட.”

“பேஜாரு புடிச்ச ஆளுயா நீ. பேப்பர் குடு.”

எட்டாவது வரை படித்தவள். தன் கையால் சில வரி எழுதினாள். பொருள் என்று ஒன்று மேலே போட வேண்டாமா என்றதற்கு, வாயை மூடச் சொன்னாள். அடுத்த முறை போனபோது சிஸ்டரிடம் கொடுத்து, “என்ன மாரி யாரனா பொம்பள வந்தா காட்டும்மா” என்றாள். சிஸ்டர் அதை டிரெஸ்ஸிங் அறை அலமாரிக் கதவின் உள்பக்கம் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். நோயாளி தன் விலாசத்தைத் தானே வெளியிடுவதைத் தடுக்கும் விதி எதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

மழைக்காலத்தில் எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. டாக்டர் அதைச் சுற்றி நிறையப் பேசினார். வீட்டுக்குள் நுழைந்ததும், “கடுதாசி வந்துச்சா பாரு” என்றாள். வரவில்லை. ஊசி மருந்து தொடங்கியது. ஒவ்வொரு நாளும் தபால்காரர் சைக்கிள் தெருவைக் கடந்த பிறகுதான் படுக்கப் போவாள்.

வந்தது. அனுப்புநர், வியாசர்பாடி குடியிருப்பில் ஒரு பெண். உறையைப் பிரிக்கக் கை நீட்டினேன். என் மனைவி பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். எங்கள் வீட்டுக்கு வந்து நான் படிக்காத முதல் கடிதம் அது. பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. நடுவில் ஒருமுறை அவள் சிரித்தாள்.

“யோவ், ஊக்கு எங்க கீது?”

கதவிடுக்கில் கொடுத்தேன். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது நீலப் புடவை கட்டியிருந்தாள். நாடா எங்கே போயிற்று என்று கேட்டேன்.

“அது பொம்பளைங்க சமாச்சாரம். கடைசி ரெண்டு வரிதான் உனுக்கு. அவ வூட்டுக்காரரு எழுதிகிறாரு, ரயில்வேல கீறாராம்.” படித்தாள்: “சாரு, நீ மொதல்ல தூங்கு நைனா. அது கழண்டா அவங்களே எழுப்புவாங்க.”

பை கழன்றுவிடுமோ என்று தினமும் நான் விழித்திருந்ததை எவரிடமும் சொன்னதில்லை. அவள் என்னைப் பார்க்காமல் காகிதத்தை மடித்தாள். பிறகு, தெருமுனை வரைக்கும் போய்விட்டு வரலாம் என்றாள்.

பழைய பழக்கத்தில் பதிகிறேன்: கடிதம் கைக்கு வந்தது பொங்கல் விடுமுறை முடிந்து தபால் நிலையம் திறந்த முதல் நாள், திங்கட்கிழமை, முற்பகல் தபாலில்.