தாய்மாமன் மிமோசா ஊற்றினான்

நம் ஊரில் ஆரஞ்சுப் பழத்தை ஆஸ்பத்திரிக்குத்தான் வாங்கிப் போவோம். குடிக்கிறவன் ஒளிந்து குடிப்பான். கோலாலம்பூரில் நான் வேலை பார்க்கும் ஹோட்டலில், ஞாயிறு காலையில் குடும்பத்தோடு வந்து, நுரைக்கிற ஒயினில் ஆரஞ்சு ஜூஸைக் கலந்து, மாமியார் முன்னாலேயே கோப்பைகளை முட்டிக்கொள்கிறார்கள். அதற்கு மிமோசா என்று பெயர். ஊற்றித் தருவது என் வேலை. முதலில் ஒயின், நுரை அடங்கியபின் ஜூஸ். வந்த புதிதில் வேடிக்கையாக இருந்தது. இப்போது கால்தான் வலிக்கிறது.

போன ஞாயிறு மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். கூடப்பிறந்த மாமன் நான் ஒருவன்தான். லீவு கேட்டதற்கு ஆள் இல்லை என்றுவிட்டார்கள். தங்கை கல்யாணத்துக்கும் இப்படித்தான் போக முடியவில்லை. அப்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை, பிரிக்ஃபீல்ட்ஸில் நான் தங்கியிருக்கும் அறை வாசலில் நின்று நான் விஷயத்தைச் சொன்னதும், "அப்போ யாரு மடியிலண்ணே உட்கார வைக்கிறது?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள். பிறகு அழைக்கவே இல்லை. அந்தப் பிள்ளையை நான் இன்னும் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

காதுகுத்து அன்று காலை, பக்கத்து ஊரான கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம் ஹோட்டலுக்கு வந்திருந்தது. அந்த வீட்டு அக்காவுக்குப் பதவி உயர்வாம். ஊரில் இந்நேரம் ஆசாரி வந்திருப்பார் என்ற நினைப்பிலேயே ஜூஸை முதலில் ஊற்றி, அதன்மேல் ஒயினைக் கவிழ்த்துவிட்டேன். நுரை பொங்கி மேசைவிரிப்பெல்லாம் வழிந்தது.

"பரவால்ல லா அண்ணே. என்னாச்சு, மூஞ்சே சரியில்லையே?" என்றார் அந்த அக்கா, இந்த ஊர்த் தமிழில்.

சொன்னேன்.

"எங்க வீட்லயும் மாமா மடிதான் அண்ணே. அவருக்கு லீவு கிடைக்கலனா வேற சண்டேக்கு மாத்திடுவோம். நீங்களும் மாத்தச் சொல்ல வேண்டியதுதானே?"

அவர் வீட்டு மாமா இங்கே பக்கத்தில், பூச்சோங்கில் இருக்கிறாராம். என்னுடைய வேற சண்டே எந்த வருஷம் வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சிரித்துவைத்தேன். "பாப்பாவுக்கும் சேத்து சியர்ஸ்" என்று அவர் கோப்பையை உயர்த்தினார். நல்ல மனுஷி.

பாத்திரம் கழுவுகிற பக்கம் ஒதுங்கிப் போனைப் பார்த்தேன். தங்கையின் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. "அண்ணே, வேற யாரையும் மாமன்னு உட்கார வைக்க மனசு வரல. நம்ம சித்தப்பா மடியில உன் பழைய சட்டைய விரிச்சு, அதுமேலதான் புள்ளைய வச்சோம். வலி தாங்காம அழுது, மூக்கக்கூட அதுலதான் தொடச்சா."

அழுதுவிட்டேன். ஊரில் என் சட்டை மாமனாக உட்கார்ந்து, மருமகளின் கண்ணீரையும் வாங்கிக்கொண்டது. நான் ஹோட்டல் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.