வெட்டிப் பார்க்காத காளான்

உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சவுக்கு மரம் நிற்கிறது. போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலையில், அதன் அடியில் புல்லைப் பிளந்துகொண்டு ஐந்தாறு உருண்டைகள் வந்திருந்தன. குடையில்லை, தண்டில்லை. மண் ஒட்டிய உருளைக்கிழங்கு போல இருந்தன. தோட்ட வேலைக்கு வரும் பெண் குனிந்து பார்த்தாள். தங்கள் ஊரில் புற்றில் முளைக்கும் காளானைத்தான் தின்பார்கள், இது என்ன, தின்னலாமா என்று என்னைக் கேட்டாள்.

பள்ளியில் முப்பது வருடம் பிரெஞ்சு மொழியில் இயற்கை அறிவியல் நடத்தியவன் நான். "வெஸ் து லூ" என்றேன். ஓநாய்க் குசு என்று அதற்கு அர்த்தமும் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இளசாக இருக்கிறது, தாராளமாக ஆக்கித் தின்னலாம் என்றேன். இப்படிப்பட்ட உருண்டையை வெட்டி, உள்ளே முழுக்க வெள்ளையா என்று பார்க்காமல் எதுவும் சொல்லக் கூடாது. பிள்ளைகளுக்கு நானே நடத்திய பாடம் அது. கத்தி சமையலறையில் இருந்தது. எழுந்து போகச் சோம்பலாக இருந்தது. பெயர் தெரிந்ததே போதும் என்றும் நினைத்தேன்.

அன்று மாலையே வாந்தியும் நடுக்கமுமாக அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போனபோது டாக்டர் அவளைக் கடிந்துகொண்டிருந்தார்.

"கண்டதத் தின்னுட்டு வந்துடறீங்க. படிச்சவங்க யாரையாவது ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். நான் வாங்கிப்போன ரொட்டியைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு வந்தேன்.

பத்து நாளில் தேறி வேலைக்கு வந்தாள். அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒரு வருடம் அப்படியே போயிற்று.

இந்த மழைக்கும் அதே இடத்தில் உருண்டைகள் வந்தன. கத்தியை எடுத்துவந்து அவள் எதிரில் ஒன்றை வெட்டினேன். தடித்த தோலுக்குள் மை கொட்டினாற்போல் இருந்தது.

"அன்னைக்கு நான் இத வெட்டிப் பாக்கலம்மா. டாக்டர்கிட்டயும் வாயத் தொறக்கல. தப்பு என்னுது."

அவள் களை பிடுங்குவதை நிறுத்தவில்லை.

"நான் அரிஞ்சப்பவே கறுப்பாத்தான் இருந்துச்சு ஐயா. ஓநாயிதுன்னா உள்ள அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சி ஆக்கிட்டேன். நீங்க சொல்லிட்டீங்களே."