செவுத்துல ஏறிய விரல்கள்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலையில் ஈரத் தோல்களை உயரமான கழிகளில் காயப்போடுவது என் பிழைப்பு. சென்ற மாசியில் வாணியம்பாடிக்காரர்களோடு கிரிக்கெட் ஆடியபோது, தூரத்திலிருந்து பந்தை வேகமாக எறிந்தேன். தோளில் சுரீரென்றது. அசைத்தால் கெட்டுவிடும் என்று நானே கையை மார்போடு கட்டிக்கொண்டு ஒன்றரை மாதம் இருந்தேன். கட்டை அவிழ்த்தபோது கை தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை. வேலை போய்விடுமே என்று வேலூருக்கு ரயில் ஏறினேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா என்னைச் சுவரருகே நிறுத்தினார்.

“பாய், அசைக்காம கட்டி வெச்சதாலதான் தோள் இறுகிப்போச்சு. வெரலாலயே செவுத்துல மெதுவா ஏறுங்க. வலி ஜாஸ்தியானா நிறுத்திடுங்க.”

“இதுக்கா இவ்ளோ தூரம் வந்தேன்?” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே, என் விரல் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். “நாளைக்கு இதைக் கொஞ்சம் தாண்டுங்க, போதும்.”

வீட்டுச் சுவரிலும் தினமும் ஏறினேன். கோடுகள் மெல்ல மெல்ல உயர்ந்தன. மூன்றாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமைத் தொழுகையில், இரண்டு கைகளும் தாமாகவே காதுவரை எழுந்தன. ஊசியோ கத்தியோ படாத கை! தொழுகை முடிந்ததும் இன்னொரு முறை உயர்த்திப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது மறுபடியும் உயரக் கழிகளில் தோல் காயப்போடுகிறேன். கிரிக்கெட்டில் மட்டும், முதலில் கைகளை மெதுவாகச் சுழற்றி, கிட்டத்தில் நாலு பந்து போட்ட பிறகுதான் தூரத்துக்கு எறிகிறேன். வலி வந்தால் நானாகக் கட்டுப் போடுவதில்லை. வேலூருக்கு ரயில் ஏறிவிடுகிறேன்.