பன்னிரண்டாவது மாலை

எங்கள் பெரியப்பாவுக்குச் சாமி படங்களைவிடச் சங்கீத வித்வான்களின் படங்கள்மேல்தான் பக்தி அதிகம் என்று பெரியம்மா சொல்வதில் முழுப் பொய் இல்லை. திருச்சி புத்தூர் வீட்டு ஹாலில் ஒரு சுவர் முழுக்கப் பன்னிரண்டு படங்கள், எல்லாம் கறுப்பு வெள்ளை. கச்சேரி மேடைக்குப் பக்கத்தில் நின்று படமெடுத்து, ரசிகர்களுக்குப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் வாங்கியவை. கீழே விட்டிருக்கும் வெள்ளை ஓரத்தில் வித்வானின் கையெழுத்து இருந்தால்தான் பெரியப்பாவுக்கு அது படம். இல்லாவிட்டால் வெறும் காகிதம். பதினொன்றில் கையெழுத்து இருந்தது. பன்னிரண்டாமவர் ஒரு நாகஸ்வர வித்வான். அவர் திருச்சிப் பக்கம் வரும்போதெல்லாம் பெரியப்பாவுக்கு ரயில்வேயில் டியூட்டி இருக்கும், அல்லது ஜுரம் இருக்கும்.

எனக்கு ஒன்பது வயதானபோது அந்த வித்வான் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்க வந்தார். பெரியப்பா மண்டபத்துக்கே போய், கையைக் காலைப் பிடித்து, மறுநாள் காலை வீட்டுக்குக் காபி சாப்பிட வர அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டார். காலையில் ஆட்டோ எடுத்துக்கொண்டு அழைத்துவரக் கிளம்பினார். பெரியம்மா அடுப்படியில். படங்களைத் துடைத்து வைக்கும் வேலை எனக்கு.

துடைக்கும்போதுதான் கவனித்தேன். பதினோரு படங்களுக்கும் சந்தனச் சீவலில் கட்டிய மாலை போட்டிருந்தது. வரப்போகிறவர் படம் மட்டும் மொட்டையாக இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வருகிற மனிதர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? பெரியப்பாவின் அலமாரியில், சட்டைகளுக்குப் பின்னால், அதே மாதிரி ஒரு மாலை கவர்கூடப் பிரிக்காமல் கிடந்தது எனக்குத் தெரியும். பாவம், போட மறந்துவிட்டார் என்று ஸ்டூல் போட்டு ஏறி நானே மாட்டினேன். கண்ணாடிமேல் நெற்றி பார்த்துக் குங்குமமும் வைத்தேன். என் சமர்த்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

வித்வான் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் நேரே சுவர் பக்கம் போனார். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தவர் கடைசிப் படத்தின் முன்னால் நின்றார். பின்னாலேயே வந்த பெரியப்பாவும் அப்போதுதான் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. காபியோடு வந்த பெரியம்மா தட்டும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு போட்டது?" என்று வித்வான் கேட்டார்.

பாராட்டப் போகிறார் என்று நினைத்து முன்னால் போய் நின்றேன். "நாந்தாங்க. பெரியப்பா உங்களுக்குன்னு வாங்கி அலமாரியில வச்சிருந்தாரு. போட மறந்துட்டாரு."

 பெரியப்பா, "கடையில டஜனாத்தாங்க கொடுத்தாங்க" என்றார். அதற்கு அவர் பேசாமலே இருந்திருக்கலாம்.

ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் காத்திருந்த கையெழுத்து என்னால் போச்சு என்று நினைத்தேன்.

வித்வானின் தோள்கள் முதலில் குலுங்கின. பிறகுதான் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டும்வரை சிரித்தார். "முன்யோசனைக்காரருதான் நீங்க" என்று பெரியப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மாலையைத் தானே கழற்றினார். பெரியப்பா படத்தைச் சட்டத்திலிருந்து உருவிக் கொடுக்க, வெள்ளை ஓரத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பெரியப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்கும்தான்.

காபி குடித்துவிட்டு எழுந்தவர், அந்த மாலையை என் கையில் வைத்தார். "எனக்காக வாங்கினதுதானே பாப்பா. நீயே பத்திரமா வச்சிரு. ஒண்ணும் அவசரமில்ல."

அவர் போன பிறகு, உயிரோடு இருக்கிறவர்கள் படத்துக்கு மாலை போடக்கூடாது என்று பெரியம்மா தலையில் ஒரு குட்டு வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அடி அதோடு முடிந்ததில் எனக்கு அப்பாடா என்றிருந்தது. மாலையை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன்.

அதற்குப் பிறகு பெரியப்பா திடீர் திடீரென்று கேட்பார், "அந்த மாலை உங்கிட்டதானே இருக்கு?" வித்வானுக்கு உடம்பு சரியில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் ஒரே நாளில் மூன்று தடவை கேட்பார். இருக்கு என்றால் போதும், முகம் தெளிந்து பேப்பரை விரித்துவிடுவார். தொலைந்தால்தான் என்ன, கடையில் கிடைக்காத பொருளா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தபோதும் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டுதான் வந்தேன். வித்வானுக்கு இப்போது தொண்ணூறு நெருங்குகிறது. போன வாரம், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்களாம். பெரியப்பா போனில் அதைச் சொல்லிவிட்டு வழக்கம்போலக் கேட்டார்.

"இருக்கு பெரியப்பா, எங்கிட்டதான் இருக்கு. இன்னும் டப்பாவ விட்டு வெளிய எடுக்கல" என்றேன். அந்தப் பக்கம் அவர் நிம்மதியாக மூச்சு விட்டது கேட்டது. ஒன்பது வயதில் நான், மாலை தொலைந்துவிடக் கூடாதே என்றுதான் அவர் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.